ஆறாம் கட்டில் கேஸ்

பரீட்சை நாள், காலை ஒன்பது பத்து. பன்னிரண்டு நோயாளிகள். ஆறாம் கட்டிலில் ஆவுடையம்மாள்.

இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் சார். என் பழைய வலைப்பதிவைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். நாற்பது கட்டுரைகள், மருத்துவ மாணவனின் நகைச்சுவை என்று அட்டையில் ஒரு வரி, எல்லாம் சரி. ஆனால் நாற்பதில் முதலாவதாக எதை வைத்திருக்கிறீர்கள் என்று பட்டியலைப் பார்த்தேன். 'ஆவுடையக்கா பல்கலைக்கழகம்'. எல்லோருக்கும் அதுதான் வேண்டும். அதை எழுதியதற்கு எனக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. பரவாயில்லை, கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். உட்காருங்கள். வெளியே நாலு பேர்தான் இருக்கிறார்கள், நாலும் சளி. அரை மணி நேரம் காத்திருந்தால் சளி எங்கேயும் ஓடிவிடாது.

2008ஆம் வருடம். தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரி, பெயர் வேண்டாம். நான் இறுதியாண்டு. பகலில் வார்டு, சாயங்காலம் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டர். 'மூச்சை இழுத்து விடுங்க' என்பது என் வலைப்பதிவின் பெயர். டாக்டர் கோமதி என்று எழுதுவேன். கோமதிநாயகம் என்று முழுசாகப் போட்டால் யார் படிப்பார்கள்? டாக்டர் ஆகவில்லையே, எப்படிப் போடலாம் என்று என் அறைத் தோழன் பீர் முகம்மது கேட்டான். ஆகப் போகிறவன்தானே என்றேன். அன்றைக்கு அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

டாக்டர் பரீட்சை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. காகிதத்தில் எழுதுவது பாதிதான். மீதிப் பாதி உயிருள்ள நோயாளி. சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் என்ன எண்ணோ அந்தக் கட்டில். முக்கால் மணி நேரத்துக்குள் அந்த நோயாளியிடம் விசாரித்து, தொட்டு, தட்டி, ஸ்டெதாஸ்கோப் வைத்து, என்ன நோய் என்று எழுத வேண்டும். பிறகு இரண்டு பரீட்சகர்கள் கட்டிலுக்கே வருவார்கள். ஒருவர் நம் கல்லூரி, ஒருவர் வெளியூர்.

இதற்கு நல்ல கேஸ் வேண்டும். நல்ல கேஸ் என்றால் நோய் பளிச்சென்று தெரிய வேண்டும். மண்ணீரல் தொப்புள் வரைக்கும் இறங்கியிருக்க வேண்டும். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பரீட்சை நாள் பார்த்து வந்து படுத்துக்கொள்வார்களா? மாட்டார்கள். அதனால் வார்டில் ஒரு முகவரி நோட்டு இருக்கும். பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போஸ்ட் கார்டு போகும். தாங்கள் இன்ன தேதி காலை ஏழு மணிக்கு வார்டில் ஆஜராகவும். வருவார்கள். இரண்டு மூன்று நாள் கட்டில், பால், ரொட்டி, முட்டை. டாக்டர்கள் நன்றாகக் கவனிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஆவுடையம்மாள் அந்த நோட்டின் முதல் பக்கம். வயது இருபத்தெட்டு. பீடி சுற்றுகிறவர். வீட்டுக்காரர் வேன் டிரைவர். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. ரத்தம் அந்தச் சின்ன வழியில் நெருக்கியடித்துப் போகும்போது ஓர் உறுமல் வரும். மர்மர் என்போம். ஆவுடையம்மாளுடையது மாதிரி ஒரு மர்மர் தென் மாவட்டங்களிலேயே கிடையாது என்று எங்கள் சீஃப், பேராசிரியர் தேவசகாயம், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஏதோ தன் தோட்டத்து மாமரத்தைச் சொல்வது போலச் சொல்வார்.

அந்த அம்மாவுக்கு எல்லாம் அத்துப்படி. ஸ்டெதாஸ்கோப்பின் எந்தப் பக்கத்தை வைக்க வேண்டும் என்பது உட்பட.

"தம்பி, பெல்லுப் பக்கத்த வைங்க. தட்டையா இருக்கதை வச்சா ஒண்ணும் கேக்காது. இருங்க, நான் இடது பக்கமாச் சாஞ்சுக்கிடுதேன். இப்ப மூச்ச விட்டுட்டு நிறுத்துதேன். கேக்குதா?"

பத்துப் பேர் வரிசையாக வைத்துக் கேட்போம். பத்துப் பேரும் தலையாட்டுவோம். எனக்குக் கேட்டதா என்கிறீர்களா? சார், உண்மையைச் சொல்கிறேன். அந்த உறுமல் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. பாதிப் பேருக்குக் கேட்டதில்லை. சீஃப் "கேக்குதாடே?" என்றால் "கேக்குது சார்" என்று சொல்வதுதான் முறை. கேட்கவில்லை என்று சொன்னவனை அன்றைக்கு முழுவதும் நிற்க வைத்து, கேட்கும் வரைக்கும் வைத்துக் கேட்கச் சொல்வார். யாருக்கு நேரம் இருக்கிறது?

ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. பாடம் முடிந்ததும் ஒவ்வொரு பேட்ச்சிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏன் தம்பி, இத நேராக்க முடியாதா? இந்த வால்வோட புள்ள உண்டானா தாய்க்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. கல்யாணமாகி எட்டு வருஷம். எங்க மாமியா அவுகளுக்கு வேற இடம் பாக்காவ."

சீஃபிடம் கேளுங்கக்கா என்போம். சீஃபிடம் கேட்டால், "பரீட்சை முடியட்டும், பாத்துக்கிடுவோம்" என்பார். பரீட்சை வருடத்துக்கு இரண்டு. முடிந்தால் அடுத்தது வந்துவிடும். இதில் நான் என்ன செய்ய முடியும்? நான் ஒரு மாணவன்.

நான் செய்தது ஒன்றுதான். எழுதினேன். 2008 ஜூன் மாதம். உட்கார்ந்த இடத்தில் ஒரு மணி நேரத்தில் வந்தது. நீங்கள் படித்திருக்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஆவுடையக்கா பல்கலைக்கழகம். சேர்க்கைத் தகுதி: ஒரு ஸ்டெதாஸ்கோப், ஒரு பாக்கெட் பிஸ்கட். துணைவேந்தர் கட்டிலில் சாய்ந்தபடி பாடம் நடத்துவார். "அக்கா வாயை மூடிக்கொண்டால் இந்த மாவட்டத்தில் பாதி டாக்டர்கள் கிடையாது. அக்கா சொல்லிக் கொடுத்துப் பாசாகிறவனெல்லாம் டாக்டரா?" இது ஒரு இடம். அடுத்து அந்தப் பலூன் வரி. "தொடை வழியாக ஒரு பலூனை விட்டு ஊதினால் போதும், வால்வு விரிந்து அக்கா குணமாகிவிடுவார். பிறகு எங்கள் கதி? ஆகவே வார்டுக்குள் எவனாவது பலூனோடு வந்தால் மாணவர்கள் ஊசியால் குத்தி உடைத்துவிடுவோம் என்று எச்சரிக்கிறோம்."

இருநூற்றுப் பதினோரு பின்னூட்டங்கள் சார். அந்தக் காலத்தில் முப்பது வந்தாலே பெரிய பதிவர். முதல் ஆளாக வந்துவிட்ட பெருமையில் மீ த ஃபர்ஸ்ட் என்று ஒருவன், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, மருந்து சொல்லுங்க டாக்டர் என்று ஒருவன். பெயர் போடாத ஒரே ஒரு அனானி மட்டும், அந்த அம்மாவுக்கு ஏன் பலூன் செய்யவில்லை என்று கேட்டிருந்தான். எங்கும் ஒருத்தன் இப்படி இருப்பான். நகைச்சுவை என்று லேபிள் போட்டிருக்கிறேன், கண் தெரியவில்லையா என்று பதில் போட்டு, ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்தேன்.

ஆகஸ்ட்டில் ஒரு வாரப் பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. என்னைக் கேட்டுத்தான் போட்டார்கள். பெயரை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டார்கள். ஆவுடையக்கா என்பதை மாற்றினால் அதில் என்ன இருக்கிறது? வேண்டாம் என்றேன். அவர்களாவது யோசித்து மாற்றியிருக்க வேண்டாமா? பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லையா?

பீடிக் கம்பெனியில் இலை வாங்க வந்த யாரோ அந்த அம்மாவிடம் பத்திரிகையைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமை காலை ரவுண்ட்ஸ். சீஃப், இரண்டு உதவிப் பேராசிரியர்கள், நாங்கள் இருபது பேர். ஆவுடையம்மாள் வார்டுக்குள் வருகிறார். கையில் பத்திரிகை. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்குகிறது. ஒரு நிமிடம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தைப் பிரித்து, எழுத்துக் கூட்டி, பலூன் வரியை வாசித்தார்.

"சார், பலூன்னா என்னது?"

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒரு சிகிச்சைம்மா. இங்க வசதி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதணும்."

"எழுதினா செய்வாங்களா?"

"செய்வாங்க."

ஆவுடையம்மாள் மடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். ரப்பர் பேண்டு போட்ட போஸ்ட் கார்டுகள். "ஏழு வருஷமா பரீட்சைக்கு வான்னு பதினாலு கார்டு போட்டிருக்கீய. ஒண்ணுக்கும் வராம இருந்ததில்ல. சிகிச்சைக்கு வான்னு ஒரு கார்டு போட்டிருக்கப்பிடாதா சார்?"

அவ்வளவுதான் கேட்டார். சத்தம் கூடப் போடவில்லை. ஆனால் இருபது மாணவர்களுக்கு முன்னால் ஒரு பேராசிரியரை அப்படிக் கேட்கலாமா? எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. சீஃப் மேசைக்குப் போய் உட்கார்ந்து, அங்கேயே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார். போகும்போது எங்கள் வரிசையை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தாரா, பீரைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

பிறகு சீஃப் எங்கள் பக்கம் திரும்பினார். "யாருடே இதை எழுதினது?"

யார் வாயைத் திறப்பார்கள்? பீர் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த மஞ்சள் காமாலை விளக்கப் படத்தைப் பார்த்தேன்.

"எழுதினவன் எவனா இருந்தாலும்," என்றார் சீஃப், "வார்டைப் பாத்திருக்கான். பாத்தவன் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்." அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? நான் மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதோடு அந்த வார்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். வருகைப் பதிவுக்கு மட்டும் போவேன். தப்பா? ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

டிசம்பரில் சென்னையில் பதிவர் சந்திப்பு. என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். அறுபது பேர் இருந்த அறையில் ஆவுடையக்கா பல்கலைக்கழகத்தை வாசித்தேன். வாசித்ததோடு விடவில்லை. அந்த மர்மர் எப்படி இருக்கும் என்று ஒரு பெண் பதிவர் கேட்டார். செய்து காட்டினேன். லப், டக், டர்ர்ர்ர், லப். புத்தகத்தில் படித்ததுதான். மைக்கில் அது பிரமாதமாக வந்தது. மூன்று தடவை செய்யச் சொன்னார்கள். மூன்று தடவையும் கைதட்டல்.

பிப்ரவரி, பரீட்சை. முதல் நாள் எங்களில் முப்பது பேருக்கு. எனக்கு இரண்டாம் நாள். முதல் நாள் முடித்தவர்களிடம் எந்தக் கட்டிலில் என்ன கேஸ் என்று விசாரிப்பது வழக்கம். விடுதியே அதற்காகத்தான் முழித்துக்கொண்டிருக்கும். நான் விசாரிக்கவில்லை. கடன் வாங்கிய லேப்டாப்பில் 'பரீட்சை, நாள் ஒன்று' என்று ஒரு பதிவு போட்டுவிட்டு, வருகிற பின்னூட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசகர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் சார். பீர் வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஏல கோமதி, ஆவுடையக்கா வந்திருக்காவ. ஆறாம் கட்டிலு. உனக்கு அது விழுந்தா நல்லா உக்காந்து பேசு. அக்கா முன்ன மாதிரி இல்ல."

கோபமாக இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். "ரெண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கிட்டுப் போயிடுறேம்ல," என்றேன்.

"அதில்ல மாப்ள," என்றான். பிறகு என் திரையை எட்டிப் பார்த்தான். "எத்தன பின்னூட்டம்?"

"நாப்பத்தி மூணு."

எழுந்து போய்விட்டான். பிறகு பல வருடம் கழித்து, ஏன்ல அன்னைக்கு நேராகச் சொல்லித் தொலைக்கவில்லை என்று கேட்டதற்கு, சொல்லத்தான் வந்தேன், நீ எண்ணிக்கிட்டு இருந்த என்றான். நண்பன் என்றால் இழுத்துப் பிடித்துச் சொல்ல வேண்டாமா? இப்போது துபாயில் இருக்கிறான்.

காலை ஒன்பது பத்துக்குச் சீட்டு எடுத்தேன். ஆறு. என் கையால்தான் எடுத்தேன். அதனால் என்ன? வேண்டும் என்று செய்தால் எல்லாச் சீட்டிலும் ஆறு என்று எழுதி வைக்க முடியாதா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு கேஸில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே கேஸ். மாவட்டத்திலேயே அதைப் பற்றி என்னைவிட அதிகமாக எழுதினவன் கிடையாது. போய் உட்கார்ந்தேன். பிஸ்கட்டை வைத்தேன். "நல்லாருக்கீங்களாக்கா" என்றேன். "இருக்கேன் தம்பி" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது, சதை போட்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று நினைத்தேன். காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். மூச்சு வாங்கல் ஏழு வருடமாக. மாடி ஏற முடியாது. படுத்தால் இருமல். எல்லாம் சரளமாக வந்தது. அவ்வளவு அழகான கேஸ் ஷீட்டை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்த அம்மா கேட்டார்: "தம்பி, எங்கிட்ட ஏதும் கேக்கணுமா?"

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாததாக்கா," என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரீட்சகர்கள் வந்தார்கள். சீஃப் ஒரு பக்கம். வெளியூர்ப் பரீட்சகர், நூல் புடவை கட்டிய ஒரு மேடம், ஒரு பக்கம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். நான் நிறுத்தாமல் ஒப்பித்தேன். மேடம் நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முடித்ததும், "மர்மர் கேட்டதா?" என்றார்.

"கேட்டது மேடம்."

"இப்ப ஒரு தடவை வச்சுக் கேட்டுச் சொல்லுங்க."

பெல் பக்கத்தை வைத்தேன். இடது பக்கம் சாயச் சொன்னேன். எனக்கு என்ன கேட்டது என்கிறீர்கள்? என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. ஆனால் நாலு வருடமாக அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிப் பழகிய வாய்.

"கேக்குது மேடம். நல்லாக் கேக்குது."

"எப்படி இருக்கு?"

செய்து காட்டினேன். லப், டக், டர்ர்ர்ர், லப். ஐந்தாம் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

மேடம் தன்னுடைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து ஒரு நிமிடம் முழுக்க வைத்துக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு ஆவுடையம்மாளிடம் தமிழில் பேசினார்.

"ஏம்மா, இதுக்கு ஏதாவது சிகிச்சை எடுத்தீங்களா?"

"எடுத்தேம்மா. போன நவம்பர் பதினொண்ணாந் தேதி. தொடை வழியா பலூன் விட்டு வால்வ விரிச்சாவ. தழும்பு கூட ஊசி குத்துன மாதிரிதான். இப்ப மாடி ஏறுதேன், குடம் தூக்குதேன்."

"இந்தத் தம்பிகிட்டச் சொன்னீங்களா?"

"தம்பி கேக்கலியேம்மா. நாந்தான் கேட்டேன், ஏதும் கேக்கணுமான்னு. உங்களப் பத்தித் தெரியாததான்னு சொல்லிட்டு எழுதிக்கிட்டே இருந்தாவ."

மேடம் என் கேஸ் ஷீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். முன்பு எடுத்த சிகிச்சை என்று ஒரு தலைப்பு உண்டு. அதில் 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தேன். சீஃப் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"பையனுக்கு எழுத நல்லா வரும் மேடம்."

பார்த்தீர்களா? தெரிந்திருக்கிறது. ஆகஸ்ட்டிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மர்மர் போன ஒரு நோயாளியைக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார். சிகிச்சைக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் ஒரு கேஸ்தான் என்று பிறகு சொன்னார்களாம். முந்தின நாள் ஆறாம் கட்டிலை எடுத்த ஒரு பெண், பலூன் செய்தவர் என்று முதல் வரியிலேயே எழுதிப் பாசாகிவிட்டாள். அவள் எப்படி எழுதினாள்? கேட்டிருப்பாள். அவள் வேறு வார்டில் பாடம் படித்தவள், அந்த அம்மாவை முன்பின் தெரியாது, அதனால் கேட்டிருப்பாள். எனக்குத் தெரியும். தெரிந்தவனுக்குத் தண்டனை. இது என்ன நியாயம்?

கடிதம் வாங்கினவர்களெல்லாம் மூன்று மாதத்தில் சிகிச்சை செய்துகொண்டு வந்துவிடுவார்கள் என்று நான் கனவா கண்டேன்? அந்த வார்டில் கடிதத்தோடு வருடக்கணக்காக அலைகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லை. இந்த அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தேதி கொடுக்கும் வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். ரொட்டி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "ஏங்க்கா, எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லல? என் வாழ்க்கை போச்சே."

நிதானமாக என்னைப் பார்த்தார்.

"அக்கா சொல்லிக் குடுத்துப் பாசாகுதவன்லாம் டாக்டரான்னு நீங்கதான தம்பி எழுதியிருந்தீய. நான் வாய மூடிக்கிட்டா பாதி டாக்டர் கிடையாதுன்னும் எழுதியிருந்தீய. சரி, ஒரு நாளைக்கு மூடிப் பாப்பமேன்னு இருந்தேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐந்தாம் கட்டில்காரரும் அதில் ஒருவர். அவருக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது, அந்த நிலையிலும் சிரித்தார்.

நூற்று இருபத்து நாலு பேரில் ஆறு பேர் ஃபெயில். ஐந்து பேர் யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆறாவது ஆள் யாரென்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "கேக்குது சார்" என்று எனக்குப் பெயர். கூடப் படித்தவன் எவனாவது கல்யாண வீட்டில் பார்த்தாலும், என்ன கேக்குது சார், சாப்பிட்டீங்களா என்கிறான். இதயநோய் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அந்தப் பெயரோடு எந்த இதய வார்டுக்குள் போய் நிற்பது? ஆறு மாதம் கழித்து மறுபரீட்சை எழுதிப் பாசானேன். வலைப்பதிவை நிறுத்தினேன். இந்த ஊரில் வந்து சளிக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவும் எதனால்? ஒரு நகைச்சுவைக் கட்டுரையால். நல்ல நோக்கத்தில் எழுதிய கட்டுரை. அந்த அம்மாவை உலகத்துக்குத் தெரியப்படுத்தினவன் நான். அதற்கு ஒரு நன்றி உண்டா?

என்ன? அவரைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறீர்களா? என்னிடம் வருவதற்கு முன்பேயா? பெயரைப் போட அவரிடம் சம்மதம் கேட்கப் போனீர்கள். சரி. கேட்டால் என்ன சொன்னார்? தாராளமாகப் போடுங்கள் என்றாரா.

பத்திரிகைப் பக்கத்தை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறாரா? எங்கே? சாமி படங்களுக்குப் பக்கத்திலா?

பாருங்கள் சார். பதினாறு வருடம் ஆகிறது. இன்னும் விடவில்லை. என்னைத் தோற்கடித்ததைச் சுவரில் மாட்டி வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு வன்மம் இருந்தால் ஒரு மனுஷி அப்படிச் செய்வார்? அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாரா? எந்த வரிக்கு?

பலூன் வரிக்கா. அது சுமாரான வரிதான். அதைவிட நல்ல வரிகள் அந்தக் கட்டுரையில் இருக்கின்றன.

சரி, கொடுங்கள் காகிதத்தை, கையெழுத்துப் போடுகிறேன். முதல் கட்டுரையாகவே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முன்னுரையில் நான் எப்படி ஃபெயிலானேன் என்பதை நான் சொன்னபடி எழுத வேண்டும். அவர் சொன்னபடி எழுதக் கூடாது. வேறு என்ன சொன்னார்? மகளைக் காட்டினாரா? பள்ளிக்கூடம் விட்டு வந்தாளா? தெரியும் சார், எனக்குத் தெரியாததா. ஆறு மாதம் பிந்திப் பாசானதால் என் ஹவுஸ் சர்ஜன் வேலையும் ஆறு மாதம் பிந்தியது. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகு பிரசவ வார்டில் என் முறை வந்தது.

2010 ஜூலை 14, புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. ஆவுடையம்மாள், வயது முப்பது, முதல் பிரசவம், பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு கிராம், தாயும் சேயும் நலம். பதிவேட்டில் எழுதியது நான்தான். முன்பு எடுத்த சிகிச்சை என்ற கட்டத்தில் 'பலூன், 11.11.2008' என்று இருக்கும். அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.